அவர்கள் பக்கம் திருப்பிய திரை

பார்சல் வந்த அன்று அதைப் பிரித்தது என் வீட்டுக்காரர்தான். லேப்டாப்பின் முதுகில் சட்டத்தை மாட்டி, அதிலிருந்த இரண்டு திரைகளையும் இரண்டு பக்கமும் விரித்துவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்த்தார். "முருகன் நடுவுல, ரெண்டு பக்கமும் ரெண்டு பொண்டாட்டி" என்றார். அன்றிலிருந்து இடது திரை தெய்வானை, வலது திரை வள்ளி. கோயிலில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்தால் இது மாறிப்போகும். நாங்கள் அவ்வளவு யோசிக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எனக்கு ஒரு நெட் சென்டர். வீடு தியாகதுருகத்தில். காலையில் பஸ் ஏறி வந்து கடையைத் திறந்தால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம் என்று சாயங்காலம் வரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். கடைக் கம்ப்யூட்டருக்கு இரண்டு மானிட்டர் வைத்திருந்தேன். ஒன்றில் ரேஷன் கார்டின் ஸ்கேன், இன்னொன்றில் விண்ணப்பம். இதைப் பார்த்து அதில் அடிப்பது. ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்வராயன் மலைக்கு நான் போக ஆரம்பித்தது அங்கே ஒரு மகளிர் குழுத் தலைவி கேட்டதால். ஒரு நாள் கடையில் யாருக்கோ ஜெராக்ஸ் ஒன்று குறைந்தது என்று நாளைக்கு வரச் சொன்னேன். கூட வந்திருந்த அந்த அம்மா, "நாளைக்கு இன்னொரு வாட்டி மலை எறங்கணுமா? நாங்க இத்தினி பேரு எறங்கறதுக்கு நீங்க ஒருத்தரு ஏறி வந்தா இன்னாங்க?" என்றார். நியாயமான கேள்வி. பதினைந்து நாளைக்கு ஒரு புதன்கிழமை என்று வைத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ், அங்கிருந்து அவர்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோ. ஊர் சமுதாயக் கூடத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். ஜன்னல் ஓரம் ஏன் என்றால் அந்த இடத்தில் மட்டும்தான் போனில் சிக்னல் வரும்.

முதலில் வெறும் லேப்டாப்பை மட்டும்தான் கொண்டுபோனேன். கடையில் இரண்டு மானிட்டருக்குப் பழகிய கண்ணுக்கு அது ஒற்றைக் காலில் நடக்கிற மாதிரி இருந்தது. ரேஷன் கார்டைத் திறந்தால் விண்ணப்பம் மறையும், விண்ணப்பத்துக்கு வந்தால் கார்டில் பார்த்தது மறந்துபோகும். அதனால்தான் இந்த மடக்குத் திரைகளை வாங்கினேன். வாங்கிய புதிதில் அதுவும் என்னைப் படுத்தியது. திரைகளின் பாரத்தில் லேப்டாப் மல்லாந்து விழப் பார்த்தது. முட்டுக் கொடுக்கிற காலை இழுத்துவிட வேண்டும் என்று தெரிவதற்குள் இரண்டு முறை தாங்கிப் பிடித்தேன். மவுஸின் அம்பு மூன்று திரையில் எதில் இருக்கிறது என்று தெரியாமல் தேடுவேன். எதிரில் நிற்கிறவரும் சேர்ந்து தேடுவார். "அதோ, அந்தப் பக்கம் பூடுச்சு பாருங்க" என்று கைகாட்டுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையில் நடுவயதுக்கு மேற்பட்ட பெண்கள் பலர் இன்னும் புருஷன் பேரைச் சொல்வதில்லை. கீழேயும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நானே பாருங்கள், வீட்டில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், எழுதும்போது வீட்டுக்காரர் என்றுதான் வருகிறது. என் முன்னால் உட்காருகிற பெண்ணிடம், "உங்க வீட்டுக்காரர் பேரு இன்னாங்க?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பின்னால் திரும்புவார். பின்னால் நிற்கிற கும்பல் சொல்லும். ஒருவர் ஒரு பேரைச் சொல்ல, இன்னொருவர், "அது வூட்ல கூப்புடுற பேருடி, கார்டுல வேற போட்டுக்கீது" என்று திருத்துவார். மூன்றாவது ஆள், "அது அவரு தம்பி பேரு" என்பார். சந்தைக்கடை மாதிரி இருக்கும். கடைசியில் சரியான பேர் வந்துவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் எனக்குத் தலைவலி.

எனக்குப் பொறுமை கம்மி, வாய் ஜாஸ்தி. அதை ஊரே சொல்லும். அந்த இரைச்சலை நிறுத்த நான் கண்டுபிடித்த வழிதான் வள்ளி. வலது திரையை அப்படியே முதுகுப்பக்கம் திருப்பி வைக்கலாம். என் நடுத்திரையில் தெரிவதே அதிலும் தெரிகிற மாதிரி செய்துவிட்டால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் தன்னுடைய விண்ணப்பத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். வள்ளி மலைக்காரப் பெண்தானே, அவள் அவர்கள் பக்கம் பார்த்து நிற்கட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த புதன்கிழமையே ஒரு விதி போட்டேன். "கும்பலா நிக்காதீங்க. ஒவ்வொருத்தரா வாங்க. மத்தவங்க வெளிய ஒக்காருங்க."

எவ்வளவு பெருமையாக இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் யாரிடமும் புருஷன் பேரைக் கேட்கவில்லை. கார்டைப் பார்த்து நானே அடித்தேன். "வீட்டுக்காரர் பேரு சரியா இருக்குதா, ஸ்க்ரீன்ல பாருங்க" என்றேன். அவர்கள் பார்த்தார்கள், முந்தானையை வாயருகே கொண்டுபோனார்கள், தலையாட்டினார்கள். "சரிங்க." வேலை முடிந்தது. அவர்களுடைய கூச்சத்துக்கு மரியாதை கொடுத்த மாதிரியும் ஆயிற்று, எனக்கும் இரைச்சல் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்தவள் என்கிற நினைப்பு எனக்கு எப்போதுமே உண்டு, அப்போது கொஞ்சம் கூடிப்போனது.

நான் எழுத வந்த காரியம் நடந்த புதன்கிழமை ஆடிக் காற்று. நான் மேலே போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் எங்கேயோ மரம் சாய்ந்து கரண்ட் போனது. அந்தத் திரைகளுக்கென்று தனியாக பேட்டரி கிடையாது, லேப்டாப்பின் சார்ஜைத்தான் குடிக்கும். இரண்டும் ஓடினால் மத்தியானம் வரை கூடத் தாங்காது. வெளியே வரிசை நீளமாக இருந்தது. ஒன்றை அணைத்தே ஆகவேண்டும்.

நான் தெய்வானையை அணைத்தேன். கார்டின் படத்தைப் போட்டு நான் சரிபார்க்கிற திரை அது. அவர்களுக்குக் காட்டுகிற திரையை எரியவிட்டேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், மக்கள் பார்ப்பதுதான் முக்கியம் என்று சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. வள்ளியை மடக்கிவிட்டால் வெறும் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன், கும்பல் மறுபடியும் உள்ளே வரும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ அந்த அக்கா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள், நர்சிங் காலேஜில் இடமும் கிடைத்திருந்தது. மகளுடைய பழைய சாதிச் சான்றிதழ் மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கலைந்துவிட்டதால் காலேஜில் புதிதாக எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுத்தால்தான் இடம். மகள் பள்ளிக்கூட ஹாஸ்டலைக் காலி செய்யக் கீழே போயிருந்தாள். வீட்டுக்காரர் குடகில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். அதனால் அக்காவே கார்டுகளையும் மார்க் ஷீட்டையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். மகள் பேரை மார்க் ஷீட்டைப் பார்த்து அடித்தேன். அடுத்த கட்டம் தகப்பன் பேர். மார்க் ஷீட்டில் மகளுடைய இனிஷியல் இருந்தது. அந்த எழுத்தைத் தட்டினேன். கம்ப்யூட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் எழுத்தைப் போட்டவுடன், அதே கட்டத்தில் முன்பு அடித்த பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். அவருக்கு முன்னால், தன் பிள்ளையின் சான்றிதழுக்காக வந்து உட்கார்ந்து எழுந்து போனவருடைய பேரும் அதே எழுத்து. பேர் வந்து நின்றது, நான் பொத்தானைத் தட்டினேன். ரேஷன் கார்டு மேசைமேலேயே கிடந்தது. படம் எடுத்த போன் கையருகே இருந்தது. எதையும் பார்க்கவில்லை. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பொண்ணோட அப்பா பேரு சரியா இருக்குதா பாருங்க."

அவர் வள்ளியைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"சரிங்கம்மா."

"நல்லா பாத்துக்கினீங்களா?"

"பாத்துக்கினேங்க."

அனுப்பிவிட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அம்மாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். காலேஜில் மறுநாள்தான் கடைசி. சான்றிதழ் வந்திருக்கும், எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தார்கள். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கொடுத்த ஆவணங்களோடு பேர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் பத்து நாளுக்கு முன்பே திரும்பியிருந்தது. செய்தி அவள் அப்பாவின் போனுக்குப் போயிருக்கும், குடகில் அவர் எதைப் பார்த்திருப்பார். நான் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் மலை விண்ணப்பங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது என் வழக்கம். காலேஜ் சேர்க்கைக்காகக் கடைக்கு வந்த கூட்டத்தில் இரண்டு சனிக்கிழமை விட்டுப்போயிருந்தது.

விண்ணப்பத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் நின்றபடியே படித்தாள்.

"மேடம், இது எங்கப்பா பேரு இல்லீங்க."

வாங்கிப் பார்த்தேன். அந்த நொடியே தெரிந்துவிட்டது. வரிசையில் இந்த அக்காவுக்கு முன்னால் வந்தவருடைய பேர். அவர் முகம்கூட ஞாபகம் வந்தது. தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. கடையில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று ஆத்திரம் கூட இல்லை, பயம்தான். பயத்தில் என் வாய் சொன்னது இது:

"இன்னாக்கா, அன்னிக்கு ஸ்க்ரீன்ல காட்டிக் கேட்டேனா இல்லியா? நல்லா பாத்துக்கினீங்களான்னு ரெண்டு வாட்டி கேட்டேன். சரின்னு தலையாட்டுனது நீங்கதான? இப்ப வந்து இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த அக்காவைப் பார்த்தார்கள். மகளும் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வேண்டிதான?" என்று கேட்டாள்.

அவர் மஞ்சள் பையின் காதைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மகளிடம் மட்டும் சொல்கிற குரலில், "அவங்க அவ்ளோ தூரத்துல இருந்து தூக்கியாந்து நம்மளுக்காகத் திருப்பி வெச்சுக் காட்டுறாங்க. தெரியலன்னு எப்பிடிடி சொல்றது" என்றார்.

அத்தனை மாதமாக என் முன்னால் முந்தானையை வாயில் வைத்தவர்கள் எல்லோரும் புருஷன் பேருக்குக் கூச்சப்படுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படிக்கத் தெரியாததற்குக் கூச்சப்பட்டாலும் முந்தானை அதே இடத்துக்குத்தான் போகும், தலை அதே மாதிரிதான் ஆடும். எத்தனை பேர் எதற்குக் கூச்சப்பட்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மற்றவர்கள் விண்ணப்பத்தில் தப்பு நேரவில்லை, ஏனென்றால் நான் கார்டைப் பார்த்து அடித்தேன். அவர்கள் தலையாட்டல் ஒருவரையும் காப்பாற்றியதில்லை. அதற்கு முன்பெல்லாம் பின்னால் நின்று கத்திய அந்தக் கும்பல்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் வெளியே உட்காரவைத்தேன்.

கடையில் அப்போதே சரியான பேரைப் போட்டு மறுபடி அனுப்பினேன். காலேஜுக்குப் போன் செய்து கெஞ்சினேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறோம் என்றார்கள், பொறுத்தும் பார்த்தார்கள். சான்றிதழ் நாலாம் நாள் வந்தது. இடம் வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் அந்த மாதமே ஊர்ப் பெண் ஒருத்தியோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அப்படிப் போனவர்கள் அடுத்த வருஷம் திரும்பி வந்து படித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு இரண்டு புதன்கிழமை நான் மலைக்குப் போகவில்லை. முதல் தடவை காய்ச்சல் என்றேன், இரண்டாவது தடவை கடையில் கூட்டம் என்றேன். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது, "கம்ப்யூட்டர் பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றார். அந்தப் பதிலைக் கேட்கத்தான் அவரிடம் சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. தப்பைச் செய்ததைவிட, அந்த அக்காவை அவர் பெற்ற பெண் முன்னால் நிறுத்திக் கேட்டேனே, அதுதான் மனசைவிட்டுப் போகவில்லை.

மூன்றாவது தடவை போனேன். வள்ளியை மடக்கியே வைத்தேன். வெளியே உட்கார்ந்தவர்களையெல்லாம் உள்ளே வரச் சொன்னேன். "இன்னாம்மா, இன்னிக்கு நம்ம டிவி இல்லியா?" என்று ஒருவர் கேட்டார். ரிப்பேர் என்று பொய் சொன்னேன். ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படித்தேன். பழைய மாதிரி நாலு பேர் திருத்தினார்கள், சண்டை போட்டார்கள். எனக்குத் தலைவலி வரவில்லை.

மத்தியானம் அந்த அக்கா வந்தார். வரிசையில் நிற்கவில்லை, எல்லோரும் சாப்பிடப் போகட்டும் என்று வாசலிலேயே நின்றிருந்தார். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். மகளுடைய நம்பர்.

"எம் போன்ல கூப்ட்டா எடுக்க மாட்டேங்கறாம்மா. போனதுல இருந்து பேசல. உங்க நம்பர்ல இருந்து போட்டா எடுப்பா. நீங்க படிச்சவங்க, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. அம்மா வேணும்னு பண்ணல, தெரியாமத் தலையாட்டிட்டான்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று இவருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அம்மா தலையாட்டியதால்தான் படிப்புப் போயிற்று என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தார்கள். கடையில் நான் சொன்ன இரண்டு வரிதான் அவர்களுக்குத் தெரிந்த கதை முழுவதும்.

நான் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம். யார் என்று சொன்னேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பேர் வரிசையில் உங்கம்மாவுக்கு முன்னால் வந்தவருடையது, கம்ப்யூட்டர் அதைக் கொண்டுவந்து நிறுத்தியது, நான் கார்டைப் பார்க்காமல் தட்டிவிட்டேன், உங்கம்மா என்ன சொல்லியிருந்தாலும் பார்த்திருக்க வேண்டியவள் நான், இதில் உங்கம்மா தப்பு ஒன்றுமில்லை. சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

எழுந்து எங்கோ தள்ளி வந்தாள் போலிருக்கிறது, மிஷின் சத்தம் குறைந்தது.

"அன்னிக்குக் கடையில எங்கம்மாவ அத்தினி பேரு எதிர்ல கேட்டீங்களே மேடம். அப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"தெரியும்மா" என்றேன்.

"போன எங்கம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அந்தக் கூடத்தில் ஜன்னல் ஓரத்தைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடைக்காது. அதனால் அக்காவை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கிறவரை நான் வெளியே போய் நின்றேன்.